பட்டா இல்லாதவர்களின் வயல்

2023 ஜூலை 26ஆம் தேதி, கடலூர் மாவட்டம் மேல்வளையமாதேவியில் பொக்லைன் இயந்திரங்கள் நெல் வயலுக்குள் இறங்கியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மற்றவர்களுக்குப் பச்சைப் பயிர் மண்ணுக்குள் புதைவது மட்டும் தெரிந்திருக்கும். நெல் வைத்துப் பழகியவர்களுக்கு அதற்கு மேலும் தெரிந்தது. நட்டு, களை எடுத்து, மேலுரம் வைத்த வயல் அது. செலவெல்லாம் உள்ளே போய்விட்டது, வரவு மட்டுமே பாக்கி.

பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலை மழைக்காலத்துக்கு முன் முடிக்காவிட்டால் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்துவிடும் என்று, பழுப்பு நிலக்கரி எடுக்கும் மத்திய அரசு நிறுவனமான நெய்வேலி என்.எல்.சி. காரணம் சொன்னது. அந்த நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றும் சொன்னது. அந்தப் பயிர் அழிக்கப்பட்ட காட்சியைப் பார்த்துத் தனக்குக் கண்ணீர் வந்ததாகச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி தண்டபாணி நீதிமன்றத்திலேயே கூறினார். பிறகு ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. இந்தப் பதிவு அந்த வாய்க்காலைப் பற்றியது அன்று. அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மூன்றாவது சுரங்கத்தைப் பற்றியது. 26 கிராமங்கள், 12,125 ஏக்கர் என்பது அதை எதிர்ப்பவர்கள் முன்வைக்கும் கணக்கு. அந்தச் சுரங்கம் வரக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

திறந்தவெளிச் சுரங்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் விளங்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி ஏறத்தாழ ஐம்பது முதல் நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஒரு டன் எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்றியாக வேண்டும். வாளிச் சக்கர இயந்திரம் வெட்டும் மண் கன்வேயர் பட்டையில் ஏறி, வெகுதூரம் போய், மலை மலையாகக் குவிகிறது. அந்த மேடுகளில் மரம் வளர்க்கிறார்கள், சில இடங்களில் பயிரும் செய்து காட்டியிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நெல் வயல் என்பது மேலே கிடக்கும் ஒரு முழம் மண் மட்டும் அன்று. எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்கு நீர் பாயும், எந்த வரப்பில் வடியும் என்று தலைமுறை தலைமுறையாகச் சீர்செய்யப்பட்ட சரிவு அது. நூறு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி மூடிய இடத்தில் அந்தச் சரிவு திரும்ப வராது.

நீரின் நிலை இன்னும் கவலை தருவது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீர்த்தாங்கி இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தரை பிளந்து நீர் மேலே பீறிட்டுவிடும் என்பதால், இரவு பகலாகப் பம்பு செய்துகொண்டே இருக்க வேண்டும். அதாவது சுரங்கம் உயிரோடு இருக்கும் வரை நிலத்தடி நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். இப்போது அங்கே மூன்று சுரங்கங்கள் இயங்குகின்றன: முதலாவது, ஒன்று-ஏ, இரண்டாவது. அதனால்தான் வரப்போவது மூன்றாவது என்று அழைக்கப்படுகிறது. இன்னொன்றையும் சேர்ப்பதற்கு முன், இவை எல்லாம் சேர்ந்து சுற்றுவட்ட நீர்மட்டத்தை எவ்வளவு மாற்றியிருக்கின்றன என்ற ஆய்வை, சுரங்கம் நடத்தும் நிறுவனத்தைச் சாராத ஒருவர் செய்து, தமிழிலேயே கிராமத்தாரிடம் வைக்க வேண்டாமா?

மின்சாரம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், இந்தப் பதிவை எழுதும் கணினிக்கும் எங்கிருந்தோ மின்சாரம் வருகிறது. ஆனால் இதே வட்டாரத்தில், சேத்தியாத்தோப்பு ஊருக்கு அருகில்தான் வீராணம் ஏரி இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட அந்த ஏரியின் நீர் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. மாநிலத் தலைநகருக்குக் குடிநீரும், தென் மாநிலங்களுக்கு மின்சாரமும், ஊருக்கெல்லாம் அரிசியும் ஒரே வட்டாரத்திலிருந்து கேட்கிறோம். காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுக்க இன்று வழி இருக்கிறது. நெல்லுக்கு மாற்றாக அந்த மண்ணிலிருந்து எடுக்க வேறொன்றும் இல்லை.

இனி, இழப்பீடு. ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் ஏக்கருக்கு எத்தனை லட்சம் என்பதே பேசப்படுகிறது. எங்கள் தெருவில் நடவுக்குப் போகும் ஓர் அக்கா இருக்கிறார். அவர் நாற்றுமுடியைப் பிரித்து, இடது கையில் கத்தையை வைத்துக்கொண்டு, வலது கை விரல்கள் சேற்றுக்குள் போவதும் வருவதும் தெரியாதபடி நட்டுக்கொண்டே பின்னால் நகர்வதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சென்ற முறை ஊருக்குப் போனபோது சுரங்கப் பேச்சு வந்தது. "பட்டா வச்சிருக்கறவங்களுக்குப் பணம் வரும் தம்பி. நான் நட்ட வயலு எதுக்கும் எங்கிட்ட பட்டா இல்லியே, என்னை எந்தக் கணக்குல எழுதுவாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நடவு, களை, அறுவடை என்று அந்த நிலங்களை நம்பி இருக்கும் கூலிக் குடும்பங்களும், எழுத்தில் இல்லாத வாய்மொழிக் குத்தகைக்காரர்களும் இழப்பீட்டுப் பட்டியலில் எளிதில் ஏறுவதில்லை.

இவர்களையும் எண்ணுவதற்காகத்தான் 2013ஆம் ஆண்டு மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற சொல்லுக்குள் விவசாயத் தொழிலாளியும் குத்தகைதாரரும் வருகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் நிலம் எடுத்தால் அந்த மதிப்பீடு தேவையில்லை. இந்த விலக்கு செல்லாது என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆகவே மாநில அரசு டெல்லியை மட்டும் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது. சுரங்கம் மத்திய அரசு நிறுவனத்துடையது என்றாலும், நிலத்தை எடுத்துக் கொடுப்பது மாநில வருவாய்த் துறை.

மனம் வைத்தால் நிறுத்த முடியும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலப் பட்டியலில் சேர்த்த சேத்தியாத்தோப்புக் கிழக்கு, வடசேரி, மைக்கேல்பட்டி ஆகிய மூன்று இடங்களும், முதல்வரின் கடிதமும் மக்களின் எதிர்ப்பும் எழுந்தபின் ஏப்ரல் 8ஆம் தேதியே நீக்கப்பட்டன. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியின் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. ஒடிசாவின் நியம்கிரியில், உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2013இல் கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது. கிராம சபையின் முடிவுக்கு அந்த வலுவைத் தரும் சட்டம் நெல் வயலுக்கு இல்லை. கிராம சபைத் தீர்மானம் மட்டும் உண்டு.

எனவே கரிவெட்டி, கத்தாழை, மும்முடிச்சோழகன், வளையமாதேவி என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த கிராம சபையில் மூன்றாவது சுரங்கத்துக்கு எதிரான தீர்மானத்தைப் பொருளாக வையுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, நகலைக் கையோடு வாங்கி வையுங்கள். சமூகத் தாக்க மதிப்பீடு நடத்தாமல் ஒரு சென்ட் நிலமும் எடுக்கக்கூடாது என்ற வரியை அதில் கட்டாயம் சேருங்கள். நிலம் உள்ளவர்கள் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வராமல், நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அங்கே கையெழுத்துப் போட யாரும் பட்டா கேட்க மாட்டார்கள். அந்த அக்காவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றார்.