சிடி தொலைந்தால் மென்பொருள் கிடையாதா?

அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமராவை நேற்றுப் பரணிலிருந்து இறக்கினேன். கூடவே வந்த மென்பொருள் சிடி இப்போது இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது, மஞ்சக்குப்பம் வீட்டின் ஓடு பறந்து, மழை உள்ளே கொட்டியதில் போய்விட்டது.

சரி, நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறதே என்று டவுன்லோட் செய்தேன். ஒரு மணி நேரம் காத்திருந்து ஓடவிட்டால், 'பழைய பதிப்பு கணினியில் இல்லை' என்று நின்றுவிடுகிறது. அது முழு மென்பொருள் இல்லையாம், வெறும் அப்டேட்டாம்! முதலில் சிடியிலிருந்து ஏற்றியிருந்தால்தான் இது ஏறுமாம். சிடி இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? காசு கொடுத்து வாங்கிய கேமராதானே? முழுதாகவே கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது!

படங்களை எடுக்கக் கார்டு ரீடர் போதும், எடுத்துவிட்டேன். ஆனால் சில்வர் பீச்சை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஐந்து படங்களாக அப்பா எடுத்திருக்கிறார். அவற்றை ஒரே நீளப் படமாக ஒட்டும் வசதி அந்த மென்பொருளில்தான் அவருக்குப் பழக்கம். "ஒட்டியாச்சா?" என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார்.