லாரியம் புதையல் இல்லை

பழைய ஏதென்சின் வெள்ளிச் சுரங்கமான லாரியத்தைப் பற்றிய அந்தக் காணொளியை நேற்றிலிருந்து எத்தனை பேர் பகிர்ந்துவிட்டீர்கள்! விவரம் தெரிந்தவர்கள்கூட. "மலையைத் தோண்டினார்கள், வெள்ளி கொட்டியது, கப்பல் கட்டினார்கள், ஜனநாயகம் பிழைத்தது." ஏழே நிமிடத்தில் கதை முடிந்துவிடுகிறது. அங்கே நான் போட்ட கருத்துக்கு, குறை சொல்லவே வருகிறேன் என்று பதில். சரி, என் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.

லாரியத்தில் வெள்ளி கொட்டவில்லை. அங்கே இருந்தது காரீயம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்ததுதான் வெள்ளி. ஒரு டன் காரீயத்துக்கு ஒன்றிரண்டு கிலோ, நல்ல இடத்தில் கொஞ்சம் கூடுதல். (ரசம் வைக்கிற ஈயச் சொம்பை இதோடு சேர்த்துப் பேசுகிறவர்களுக்கு: அது வெள்ளீயம். வேறு உலோகம்.)

ஏதென்சுக்குத் தென்கிழக்கே, சூனியோன் முனையை ஒட்டிய குன்றுகள் அவை. பளிங்குப் பாறையும், சிஸ்ட் என்கிற தகட்டுப் பாறையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. ஆழத்திலிருந்து ஏறி வந்த வெந்நீர்க் கரைசல் பளிங்கை அரித்துக்கொண்டு மேலே வரும். தகட்டுப் பாறை அதை ஊடுருவ விடாது. அங்கேயே தேங்கி, பளிங்கைக் கரைத்த இடத்தில் கலீனா என்கிற காரீயத் தாதைப் படியவைக்கும். அதனால் தாது கிடப்பது இரண்டு பாறைகளும் சந்திக்கிற தளத்தில். 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் அந்தத் தளங்களுக்கு எண் போட்டார்கள். மிகச் செழிப்பானது ஆழத்தில் இருந்த மூன்றாவது தளம். மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. பாறையின் அடுக்கு ஒழுங்கைப் புரிந்துகொண்ட யாரோதான் அங்கே இறங்கச் சொல்லியிருக்க முடியும். அந்த அறிவுக்கு "மலை கொடுத்த வரம்" என்று பெயர் வைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

இறங்கிய விதத்தையும் கேளுங்கள். சுத்தியல், உளி, எண்ணெய் விளக்கு, அவ்வளவுதான். சுமார் 1.3 மீட்டருக்கு 1.9 மீட்டர் அளவில் செங்குத்துக் கிணறுகள், ஆயிரத்துக்கும் மேல். சில 100 மீட்டரைத் தாண்டுகின்றன. அடியில் பக்கவாட்டில் போகும் வழிகள் பலவற்றில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது.

மேலே வந்த கல்லைக் கையால் பொறுக்கி, உரலில் இடித்து, திரிகையில் மணல் அளவுக்கு அரைக்க வேண்டும். பிறகு கழுவும் களம். தொட்டியின் துளைகளிலிருந்து நீர் ஒரே வேகத்தில் சரிவான தளத்தில் பாயும். அரிசி களைந்து கல் அரிக்கிற அதே கணக்கு: கலீனாவின் அடர்த்தி 7.5, பளிங்குத் தூளுடையது 2.7. கனமானது தங்கும், மற்றது ஓடும். நீர் வேகம் கூடினால் தாதும் சேர்ந்து ஓடிவிடும், குறைந்தால் மண்ணும் தங்கிவிடும். மழை குறைந்த வறண்ட பூமி அது. ஆகவே கழுவிய நீரைக் கால்வாயில் சுற்றவிட்டு, அடுத்தடுத்த குழிகளில் தெளியவைத்து, மறுபடி மேல்தொட்டிக்கு அள்ளி ஊற்றினார்கள். நீர் கசியாத சாந்து பூசிய மழைநீர்த் தொட்டிகள் இன்றும் நிற்கின்றன. ஏதென்சின் பார்த்தீனான் கோயிலைப் பார்த்து வியக்கிறவர்கள் இந்தச் சாந்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு உலை. கரியோடு சேர்த்து உருக்கினால் வருவது காரீயம்தான், வெள்ளி இன்னும் உள்ளேயே இருக்கிறது. அந்தக் காரீயத்தை ஆழமில்லாத அடுப்பில் மறுபடி உருக்கி, 900 முதல் 1000 டிகிரிக்குள் வைத்து, துருத்தியால் மேலே காற்றடிக்க வேண்டும். காரீயம் காற்றோடு சேர்ந்து மிருதார்சிங்கியாக மாறும். சித்த மருந்துக் கடையில் கேட்டால் தருவார்களே, அதே பொருள். அது உருகி மேலே மிதக்கும், அடுப்பின் சுவரிலும் ஊறும். வழித்து வழித்து எடுக்க, கடைசியில் வெள்ளி மட்டும் நிற்கும். சூடு குறைந்தால் மிருதார்சிங்கி மேலே ஓடு கட்டிவிடும், காற்று உள்ளே போகாது, வேலை நின்றுவிடும். அளவு மீறினால் காரீயப் புகையோடு வெள்ளியும் போகும். இதை அளக்கக் கருவி கிடையாது, உருகியதன் நிறம்தான் அளவு. ஏதென்சின் ஆந்தை பொறித்த நாணயம் அவ்வளவு தூய வெள்ளியாக இருப்பது இப்படிக் காத்திருந்த கண்களால்.

ஒரு கணக்குப் போடுவோம். கி.மு. 483இல் அரசுக்குக் கிடைத்ததாக அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் நூல் சொல்வது 100 தாலந்து. தாலந்துக்கு ஏறத்தாழ 26 கிலோ என்றால் 2,600 கிலோ. டன்னுக்கு 2 கிலோ என்று வைத்தால் 1,300 டன் காரீயம். தாதில் ஐந்தில் ஒரு பங்கு காரீயம் என்றால், ஒரு துளி வீணாகாமல் இருந்தாலே 6,500 டன் கல். இதுவும் அரசுக்கு வந்த பங்குக்கு மட்டும். இதையா "கொட்டியது" என்கிறீர்கள்?

கொட்டவில்லை. வெட்டினார்கள், சுமந்தார்கள், இடித்தார்கள், கழுவினார்கள், புகையில் நின்றார்கள். பெரும்பாலும் அடிமைகள். காணொளியில் அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை.

"ஏதென்சுத் தலைவர் தெமிஸ்டாக்ளிஸ் அந்தப் பணத்தைப் பங்கு போடவிடாமல் கப்பல் கட்டவைத்தாரே, அது பெரிதில்லையா?" பெரிதுதான். ஆளுக்கு 10 திராக்மா காசு என்று போயிருந்தால், பாரசீகரைக் கடலில் தோற்கடித்த சலாமிஸ் வெற்றி இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காணொளியில் தீர்மானம் போட்டவர் பெயர் 7 முறை வருகிறது, கல் வெட்டியவர்கள் ஒருமுறைகூட இல்லை. "அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அடிமைமுறை இருந்தது" என்பதற்கு எனக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. இருந்தது என்றால் சொல்லிவிட்டுப் போகலாமே?

நிக்கியாஸ் என்ற தளபதி 1,000 அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டார் என்று கிரேக்க எழுத்தாளர் ஸெனபன் எழுதியிருக்கிறார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் ஓபோல் என்கிற சிறு வெள்ளிக் காசு, செலவு போக. 36,000 ஓபோல் ஒரு தாலந்து, அப்படியென்றால் 36 நாளைக்கு ஒருமுறை 26 கிலோ வெள்ளி அவர் வீட்டுக்கு. ஒப்பந்தத்தில் இன்னொன்று: எண்ணிக்கை குறையக்கூடாது. ஏன் குறையும் என்று நினைக்கிறீர்கள்? சுரங்கக் கூரையைத் தாங்கிய தூண்களை வெட்டி வெள்ளி எடுத்ததற்காக டிஃபிலோஸ் என்பவருக்கு மரண தண்டனையே கிடைத்தது. தூணுக்கு அவ்வளவு காவல். மனிதன் போனால் அடுத்த ஆள்.

அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் ஒருவர் பெயர் நமக்குத் தெரியும். அட்டோடாஸ். கருங்கடல் கரையிலிருந்த பாஃப்ளகோனியாவிலிருந்து வந்தவர். கல்லறைக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதில் அவர் சுரங்கத் தொழிலாளி, தொழில்திறத்தில் அவருக்கு நிகரில்லை என்று பொறித்திருக்கிறார்கள். தன் தொழிலில் பெருமை கொண்ட மனிதர். அவரைத்தான் அந்த ஏழு நிமிடம் அழித்துவிட்டது. கி.மு. 413இல் எதிரியான ஸ்பார்டாவின் படை ஏதென்சுக்கு அருகே டெக்கலியாவில் கோட்டை கட்டியதும் 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்சைவிட்டு ஓடினார்கள், பெரும்பாலோர் கைத்தொழில் தெரிந்தவர்கள் என்கிறார் அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடைடிஸ். சுரங்கம் முதலில் தடுமாறியது அப்போதுதான், வெள்ளி தீர்ந்ததால் அல்ல. சுமார் நானூறு ஆண்டு கழித்து, புவியியல் எழுதிய ஸ்ட்ராபோவின் காலத்தில் பழைய கழிவையும் கசடையும் மறுபடி உருக்கி வெள்ளி எடுத்தார்கள். 1860களில் செர்பியேரி என்ற இத்தாலியர் வந்து அதே கசடை மீண்டும் உருக்கினார். பிறகு பிரெஞ்சு நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அங்கே வேலை செய்தது.

"கிரேக்கச் சுரங்கத்தைப் பற்றி நமக்கென்ன?" என்கிறவர்கள் அந்தக் காணொளியைப் பகிராமல் இருந்திருக்கலாம்.

கோபம் எதற்கென்றால், கடைசி நிமிடம். கைபேசி வெளிச்சத்தில் உள்ளே இறங்கி "மீதிப் புதையல்" தேடச் சொல்கிறார் காணொளிக்காரர். பார்த்துவிட்டு இரண்டு பிள்ளைகள் விமானச் சீட்டு விலை கேட்டிருக்கிறார்கள். தம்பிகளா, புதர் மூடிய கிணறுகள் அவை, விளிம்பு தெரியாது. ஆழத்தில் காற்று ஓட்டம் இல்லாத இடத்தில் மயங்கினால் மேலே தூக்க ஆளில்லை. மண்ணிலேயே காரீயம் இருக்கிறது. 1980களில் அந்த ஊர்க் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது காரீயம் அதிகமாக இருந்தது. அரசு திறந்துவைத்திருக்கிற தோரிகோஸ் பழைய நாடக அரங்கையும் பழைய பிரெஞ்சு ஆலை வளாகத்தையும் பாருங்கள். கசடுக் கல் எதையும் பையில் போட்டு வராதீர்கள். சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள், காலணியை வாசலிலேயே கழற்றுங்கள், வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் கட்டாயம்.