கயிறு கட்டிய பிறகு வந்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெரு நூலகத்துப் பிள்ளைகளுக்கு விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். மெலிந்த புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். இன்ன சாதி என்று நிறத்தால் காட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் ஏறும் சாதிக் கயிற்றைப் பற்றியது. இரண்டு பக்கம் தாண்டியிருப்பேன். முன்வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புப் பையன் தன் வலது கையை மெல்லப் பாய்க்கு அடியில் நுழைத்துக்கொண்டான். வாசித்து முடிக்கும்வரை அந்தக் கை வெளியே வரவே இல்லை.

எல்லோரும் போன பிறகு அவனே வந்து சொன்னான். “எங்க சித்தப்பா கட்டிவிட்டாவக்கா. கோயில் கயிறுன்னுதான் சொன்னாவ. ஆனா பஸ்ல ஏறுனா, நம்ம ஆளுவ யாருன்னு இத வச்சுதான் பாப்போம்.”

மறுநாள் அவன் அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார்: “சின்னப் பிள்ளையள்ட்ட போயி இதெல்லாம் எதுக்கும்மா? அதுபாட்டுக்கு விளையாடட்டும்.” இதைச் சொல்லாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. படித்தவர்கள், புத்தகக் காட்சியில் பை பையாகப் புத்தகம் வாங்குகிறவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். பிள்ளைக்கு முயல், யானை, நிலா போதும். மற்றதெல்லாம் வளர்ந்த பிறகு தானாகத் தெரியட்டும் என்கிறார்கள்.

ஆனால் அவனுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். எந்த நிறம் யாருடையது, எந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது, யார் வீட்டுப் பிள்ளையை ‘வாடா போடா’ என்று கூப்பிடலாம் என்பதெல்லாம் பதினொரு வயதில் அத்துப்படி. புத்தகம் அவன் மனதில் சாதியைக் கொண்டுபோய் வைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே கிடந்ததைப் பற்றிப் பேச அவனுக்கு முதல்முறையாக ஒரு வாய்ப்பு கொடுத்தது, அவ்வளவுதான்.

இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பழைய நிலையே தொடரும் என்று ஆகிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, உடன் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு அமைந்தது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம் எல்லாவற்றையும் தடை செய்யச் சொன்னார். சரி, கயிற்றை அவிழ்த்துவிடலாம். அதைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையிடம் யார் பேசுவது?

நாம் பேசவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத் தன்மையற்ற செயல்’ என்று நம் பாடப்புத்தகங்களில் அச்சடித்திருக்கிறது. நானும் அதைப் பையில் சுமந்து போய்ப் படித்தவள்தான். படித்த இத்தனை வருடத்தில் ஒரு ஆசிரியர்கூட அந்த மூன்று வரியை வாய்விட்டு வாசித்து, ‘இதற்கு என்ன அர்த்தம், நம் ஊரில் இது எங்கே இருக்கிறது’ என்று கேட்டதில்லை. அட்டை போடும்போது உள்ளே மறைந்துவிடும், மறந்துவிடுவோம். கதையை அப்படிக் கடந்துவிட முடியாது. அதில் ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு ஒரு கை இருக்கிறது.

அதற்காகச் சமூகப் பிரச்சினை என்று பெயர் போட்டு வருவதையெல்லாம் நான் ஏற்கவில்லை. ஏழைப் பிள்ளையைப் பணக்காரப் பிள்ளை காப்பாற்றும், கடைசிப் பக்கத்தில் தலைமையாசிரியர் வந்து நாலு வார்த்தை பேசுவார், எல்லோரும் கைதட்டுவார்கள். இந்த மாதிரிக் கதைகளைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வரும். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அதில் வேலையே இல்லை, அழுவதும் நன்றி சொல்வதும் தவிர. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ கதை ஏன் இன்றும் மனதை அறுக்கிறது? பள்ளியில் வாங்கும் அடி வலிக்காமலிருக்கத் தன் உடம்பிலேயே மருந்தைச் சோதித்துப் பார்க்கிற அந்தப் பெண்ணை எந்தப் பெரியவரும் காப்பாற்றுவதில்லை. கதையைச் சொல்கிற ஆசிரியையே குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறார். பெரியவர்கள் தவறு செய்வார்கள் என்று ஒப்புக்கொள்ளும் கதையைப் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

வாசித்துக் காட்டுகிறவருக்கும் பொறுப்பு இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு ஒருமுறை, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் அப்பாவைப் பற்றிய கதை ஒன்றைச் சொன்னேன். கதை பாதியில் இருக்கும்போதே மொத்தக் கூட்டமும் திரும்பி ஒரே ஒரு பெண்ணைப் பார்த்தது. அவள் அப்பாவுக்கும் அதே வேலை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அதை யோசிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வாரம் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய் அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் இப்படிப்பட்ட கதையை எடுப்பதற்கு முன்னால், வட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். சில புத்தகங்களை முதலில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். ‘எல்லாருக்கும் வாசிக்கட்டுமா?’ என்று கேட்டு, அது சரி என்றால்தான் வாசிப்பது. முடித்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?’ என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். அந்தக் கேள்வி வந்ததுமே பிள்ளைகள் பரீட்சை விடை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். சும்மா இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு குரல் வரும்.

அந்தப் பையன் ‘கயிறு’ புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான். கையில் கயிறு இன்னும் இருக்கிறது. அவிழ்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அது அவன் வீட்டில் லேசான காரியம் இல்லை.

இப்போது எனக்கு வேண்டியது வேறொன்று. போன வாரம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து, “குடிக்கிற அப்பா வர்ற கதை இருக்காக்கா?” என்று கேட்டாள். எங்கள் அலமாரியில் இல்லை. அப்பா கடைசியில் திருந்திவிடும் கதை வேண்டாம், அதை அவள் நம்பமாட்டாள். எழுத்து பெரியதாக, அவளே வாசிக்கிற மாதிரி தமிழில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு பிரதி வாங்கிக்கொள்கிறேன்.