ஒரு வாட் ஆம்ப் மேல் பழி போடாதீர்கள்

"50 மில்லிவாட் வரை தாங்கும் ஹெட்போனை 1 வாட் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) செருகினால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) கருகிவிடும்" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை சார். 1 வாட் என்பது அந்த ஆம்பால் அதிகபட்சம் தர முடிந்த அளவு. செருகியவுடன் அத்தனையையும் கொட்டிவிடாது. வீட்டு மெயின் 40 ஆம்பியர் என்பதற்காக ஜீரோ வாட் பல்பு வெடிக்கிறதா என்ன?

கணக்கைப் பாருங்கள். 1 மில்லிவாட்டில் 100 டெசிபெல் தரும் ஹெட்போன், 10 மில்லிவாட்டில் 110, 100 மில்லிவாட்டில் 120 தரும். காயிலுக்கு முன் காது போய்விடும்! அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் (NIOSH) அமைப்பு 100 டெசிபெலுக்கு நாளொன்றுக்குக் கொடுக்கும் நேரமே 15 நிமிடம்தான்.

உண்மையான எமன் டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம். ஒரு மலிவு கிட் ஆம்பில் அவுட்புட்டில் டிசி கசிந்து என் ஹெட்போன் போனது. பாட்டே ஓடவில்லை, சத்தமில்லாமல் இடது பக்கம் சூடாகிச் செத்தது. இப்போதெல்லாம் புது ஆம்ப் வந்தால் முதலில் மல்டிமீட்டர்தான். அவுட்புட்டில் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் டிசி காட்டினால் ஹெட்போனைக் கிட்டே கொண்டுபோவதில்லை. ஆன் செய்ததும் வரும் 'டப்' சத்தம் அடங்கிய பிறகு, வால்யூமை ஜீரோவில் வைத்துத்தான் செருகுவேன்.

ஸ்பீக்கர் டெர்மினலில் ஹெட்போனை மாட்டுகிறவர்களுக்கு மட்டும் உங்கள் எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.