கீயைத் தொடவே இல்ல, அதுக்குள்ள ம்ம்ம்ம்னு ஒரு சத்தம்

நாலு ராத்திரி போச்சு எனக்கு. எல்லாரும் படுத்த அப்புறம் கிடைக்கிற அந்த ரெண்டு மணி நேரம்தான் நான் சின்த் (சத்தத்தை எலக்ட்ரானிக்கா உண்டாக்குற கீபோர்டு) வாசிக்கிற நேரம், அதையும் இந்த ஹம் தின்னுடுச்சு. ஸ்பீக்கரை ஆன் பண்ணதுமே அடியில ம்ம்ம்ம்னு ஒண்ணு, லேப்டாப்ல மவுசை நகர்த்தினா அதுக்கு மேல கீச்சுகீச்சுன்னு இன்னொண்ணு.

கேபிள்தான் போச்சுன்னு புதுசு மாத்தினேன், அப்படியேதான் இருக்கு. எல்லா பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டு வந்தேன், கொஞ்சம் குறைஞ்சுது, போகல. கடைசியில மொத்தத்தையும் புடுங்கிப் போட்டுட்டு ஒவ்வொண்ணா சொருகினேன். ஆடியோ கேபிள் மட்டும் இருந்தா அமைதி. கூடவே யூஎஸ்பியையும் சொருகினா உடனே ம்ம்ம்ம்.

இதுக்குப் பேர் கிரவுண்ட் லூப், கிரவுண்ட் தொடர்புகள் சேர்ந்து ஒரு வட்டமா மாறிடுறது. சின்த்ல இருந்து ஆடியோ கேபிளோட ஷீல்டு (உள் வயரைச் சுத்தி இருக்கிற உலோக உறை) வழியா இன்டர்ஃபேஸுக்கு (ஆடியோவை லேப்டாப்புக்குள்ள கொண்டு போற பெட்டி) ஒரு கிரவுண்ட் போகுது, இன்டர்ஃபேஸ்ல இருந்து லேப்டாப்புக்கு, லேப்டாப்ல இருந்து யூஎஸ்பி வழியா திரும்ப அதே சின்த்துக்கு, வட்டம் முடிஞ்சுது. சாதாரண அன்பேலன்ஸ்டு கேபிள்ல சிக்னல் திரும்பி வர்ற வழியும் அந்த ஷீல்டுதான், அதனால அதுல ஓடுற வீட்டுக் கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸோ 60 ஹெர்ட்ஸோ, லேப்டாப்போட இரைச்சலோ, எல்லாம் பாட்டோட பாட்டா வந்து உக்காந்துக்குது.

எனக்கு வயிறு எரியறது எங்கன்னா, 1983ல மிடி (எந்த கீயை அழுத்தினோம்னு ஒரு மெஷின் இன்னொரு மெஷினுக்குச் சொல்ற முறை) வந்தப்பவே இதுக்கு வழி பண்ணிட்டாங்க! அந்த 5 பின் மிடி இன்புட்ல ஒரு ஆப்டோகப்ளர் இருக்கும், தகவல் வெளிச்சமா தாண்டிப் போகும், ரெண்டு மெஷினுக்கும் நடுவுல கரண்ட் தொடர்பே கிடையாது. 40 வருஷத்துக்கு முன்னாடி தீர்த்து வெச்சதை இன்னைக்கு யூஎஸ்பி மட்டும் போதும்னு தூக்கிப் போட்டுட்டு, இரைச்சலைக் கழிச்சு விடுற பேலன்ஸ்டு அவுட்புட்டும் தராம விக்கிறாங்க, வாங்கினவன் ராத்திரி முழுக்க வயரோட மல்லுக்கட்டணுமாம்.

இதுல ஆளாளுக்கு வந்து "எர்த் பின்னை உடைச்சு விட்டுடு, சத்தம் போயிடும்"னு சொல்றாங்க பாருங்க, அதைக் கேட்டாதான் எனக்கு இன்னும் கோவம் வருது. போகும், போகாம என்ன. உள்ள ஒரு வயர் கழண்டு பாடியில பட்டா நீங்க தொடுற அந்த இரும்பு மொத்தமும் கரண்ட்டா நிக்கும், அப்போ உங்களைக் காப்பாத்த இருந்ததே அந்த பின்தான். தயவு செஞ்சு அதுல கை வைக்காதீங்க. வட்டத்தை சிக்னல் பக்கம் உடைங்க, டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச டிஐ பாக்ஸ் (சின்த்துக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவுல போடுற சின்ன பெட்டி) போட்டு, கிரவுண்டைத் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்க, இல்லன்னா தகவலை மட்டும் விட்டு கரண்ட் தொடர்பைத் துண்டிக்கிற யூஎஸ்பி ஐசோலேட்டர் போடுங்க. விலை கம்மியான ஐசோலேட்டர் நிறைய செகண்டுக்கு 12 மெகாபிட்டோட நின்னுடும், மிடிக்கு அது தாராளம், ஆனா அதுலயே ஆடியோ இன்டர்ஃபேஸை ஓட்டப் பாக்காதீங்க.

என் பழைய சின்த்ல 5 பின் சாக்கெட் இருக்கு, யூஎஸ்பியைக் கழட்டிட்டு அதுல போட்டேன், சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. புது சின்த்ல அந்த சாக்கெட்டே இல்ல. அதுக்கு இப்போ நான் தனியா காசு போட்டு டிஐ பாக்ஸ் வாங்கணும்.