தண்டவாள அகலத்தையும் பாருங்கள்
நம் ரயில்வேயின் டபிள்யூஏபி-7 மின்சார எஞ்சினை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கி (1:87) வந்திருக்கும் மாடலை 'அச்சு அசல்' என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வண்ணமும் எழுத்துகளும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் அகலப்பாதை 1676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரவேண்டும். மாடல் ஓடுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில், அது 1435 மி.மீ. பாதைக்கு உரிய அளவு. நிஜ எஞ்சினின் அளவில் சொன்னால் 24 செ.மீ. குறைவு! முன்னால் குனிந்து பாருங்கள், சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்கும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் ஓட வேண்டுமே என்ற கட்டாயம் புரிகிறது. சரி, அதையாவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் கூரை. நிலையத்தில் நாம் எஞ்சினைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம், மேசைமேல் வைத்த மாடலை மேலிருந்து பார்க்கிறோம். அதனால் பேன்டோகிராஃப் (மேலே உள்ள கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மடக்குச் சட்டம்), இன்சுலேட்டர், 25 கிலோவோல்ட் மின்சாரம் போகும் கம்பிக்குழாய் எல்லாம் சரியாக இருக்க வேண்டியது அங்கேதான். படத்தில் முன் பேன்டோகிராஃப் உயர்ந்திருக்கிறது. இங்கே வழக்கமாக உயர்த்துவது பின்னால் இருப்பதை. அது உடைந்தாலும் சிதறல் மற்றொன்றின்மேல் விழாது. அடுத்த முறை கூரையை மட்டும் நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.