ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரக்கூடாது

சிங்க் அடைத்துக்கொண்டால் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் போதும், போகாவிட்டால் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் போடுங்கள், பிளம்பரே வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாவது யோசனையை யாரும் தயவுசெய்து செய்துபார்க்காதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத சமையலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

சோடா, வினிகர் ஆபத்தில்லை, ஆனால் பலனும் பெரிதாக இல்லை. பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு. அது மேலே திறந்த வழியில் போய்விடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். உறைந்த எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அதற்கு அசையாது.

சிங்க் மட்டும் அடைத்திருந்தால் முதலில் ரப்பர் பம்ப் (பிளஞ்சர்) போட்டுப் பாருங்கள். அப்புறம் கீழே ஒரு வாளி வைத்து, சிங்க்குக்கு அடியில் குழாயோடு இருக்கும் குப்பி போன்ற பாட்டில் டிராப்பைக் கையால் திருகிக் கழற்றுங்கள். பாதி நேரம் குப்பை அங்கேதான் இருக்கும் (நாற்றத்துக்குத் தயாராக இருங்கள்). ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருந்தால் கழற்ற வேண்டாம், வருகிற பிளம்பரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

சிங்க்கில் தண்ணீர் விட்டால் குளியலறையில் பொங்குகிறதா? அப்போது அடைப்பு பொதுக் குழாயிலோ சேம்பரிலோ (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) இருக்கிறது, ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிட்டாலும் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கிவிடாதீர்கள். பாதுகாப்புக் கருவியில்லாமல் இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம்.